‘இணைக்கப்பட்டது’ என்று காட்டுகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை: நம் வி.பி.என். அனுபவங்கள்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வீடு பெருந்துறையில். மகளுக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்று சார் அலுவலகத்தில் வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போக இணையத்தின் ஊடே போடும் பாதுகாப்பான சுரங்கம்) போட்டுக் கொடுத்தார். வீட்டு லேப்டாப்பிலிருந்து வி.பி.என். வழியாக உள்ளே போய், தூரத்திலிருக்கும் கணினியின் திரையை இங்கே காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலக சர்வரைத் திறந்தால் டேலி என்ற கணக்கு மென்பொருள், வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

விண்டோஸில் இதற்கென்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் வி.பி.என். என்று இருக்கும். அதில் அலுவலகத்தின் ஐ.பி. முகவரி, எல்2டிபி என்ற வகை, ப்ரீ-ஷேர்டு கீ (இரு பக்கமும் முன்பே பகிர்ந்துகொண்ட ரகசியச் சொல்), யூசர்நேம், பாஸ்வேர்டு ஆகியவற்றைக் கொடுத்தால் முடிந்தது. முதல் நாள் 809 என்று ஒரு பிழை வந்தது. அலுவலக சர்வரும் ரவுட்டருக்குப் பின்னால், என் லேப்டாப்பும் ரவுட்டருக்குப் பின்னால் என்றால் விண்டோஸ் இப்படி நின்றுவிடுமாம். ஹார்டுவேர் பார்க்கும் அண்ணா போனில் இருந்தபடியே, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘பாலிசி ஏஜென்ட்’ என்ற இடத்தில் ஒரு மதிப்பைச் சேர்த்து 2 என்று போடச் சொன்னார். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ததும் இணைந்துவிட்டது. இது பலருக்கும் தெரிந்த விஷயம், தேடினாலே கிடைக்கும். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது.

ஒரு மாதம் 18ஆம் தேதி. 20க்குள் ஜி.எஸ்.டி. 3பி என்ற மாதாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். வி.பி.என். ‘இணைக்கப்பட்டது’ என்றது. ரிமோட் டெஸ்க்டாப் மட்டும் அந்தக் கணினியை அடைய முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. என் ஐ.பி. என்ன என்று ஓர் இணையதளத்தில் பார்த்தால் அலுவலகத்தின் முகவரியைத்தான் காட்டியது. அப்படியானால் வி.பி.என். வேலை செய்கிறது, அலுவலக சர்வர்தான் படுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சாரிடம் சொன்னேன். அவர் பக்கத்தில் குடியிருக்கும் பையனை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தேன், உடனே திறந்தது! வீட்டு வைஃபைக்கு மாறினால் மறுபடியும் இல்லை. பிராட்பேண்டுக்காரர்கள் வி.பி.என்.னைத் தடுக்கிறார்கள் என்று நினைத்து, இரவு பத்தரைக்கு அவர்களின் எண்ணுக்கு அழைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாக, “நாங்க எதையும் பிளாக் பண்றதில்லைங்க மேடம்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது.

அன்று இரவு ஹாட்ஸ்பாட்டில் டேட்டா தீரும்வரை ஓட்டினேன். மறுநாள் அண்ணா போனில் வந்தார். கட்டளை தட்டச்சும் கருப்புத் திரையைத் திறந்து, சர்வரின் முகவரியான 192.168.1.10க்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) அடிக்கச் சொன்னார். வரிசையாகப் பதில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

“எத்தனை மில்லி செகண்டும்மா?”

“1க்குக் கீழே என்று இருக்கிறது அண்ணா.”

“டி.டி.எல்.னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அது எவ்வளவு?”

“64.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “ஈரோடு போய்ட்டு ஒரு மில்லி செகண்டுக்குள்ள திரும்ப முடியாதும்மா. டி.டி.எல். பதில் அனுப்புற கருவி போடுற ஒரு எண், விண்டோஸ் சர்வர்னா அது 128ஐ ஒட்டி வரணும். இது உங்க வீட்டுக்குள்ள இருந்தே வர்ற பதில். அந்த முகவரியை பிரௌசர்ல போடுங்க” என்றார்.

போட்டேன். எங்கள் வீட்டு வாசல் கேமராவின் பதிவுப் பெட்டி, அதுதான் டி.வி.ஆர்., தன் லாகின் பக்கத்தைக் காட்டியது. பதினைந்து நாளுக்கு முன்னால்தான் கேமரா மாட்டியிருந்தோம். மாட்டியவர் அதற்குக் கொடுத்த முகவரியும் 192.168.1.10.

அலுவலக நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்குகிறது. எங்கள் வீட்டு ரவுட்டரும் கடையிலிருந்து வந்தபோதே 192.168.1. வி.பி.என். இணைந்திருந்தாலும், தன் சொந்த வைஃபை வட்டத்துக்குள் இருக்கும் முகவரி என்று தெரிந்தால் விண்டோஸ் அதைச் சுரங்கத்துக்குள் அனுப்பாது, பக்கத்து அறையில்தான் தேடும். மற்ற இணையப் போக்குவரத்து எல்லாம் ஈரோடு வழியாகவே போனதால்தான் என் ஐ.பி. அலுவலகத்தினுடையதாகத் தெரிந்தது. ஹாட்ஸ்பாட்டில் மொபைல் வேறு வரிசையில் முகவரி கொடுப்பதால் மோதல் இல்லை. அப்படியானால் கேமரா வருவதற்கு முன்னால் எப்படி வேலை செய்தது? அதையும் கேட்டேன். உண்மையில் செய்யவே இல்லை. முதல் நாள் ‘இணைக்கப்பட்டது’ வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அதன்பின் ஒரே ஒருமுறை அம்மா வீட்டிலிருந்து பார்த்தேன், அங்கே வரிசை வேறு.

சரிசெய்ய வீட்டு ரவுட்டருக்குள் போய் அதன் முகவரியை 192.168.77.1 என்று மாற்றினேன். வைஃபை ஒருமுறை அறுந்து வந்தது, ரிமோட் டெஸ்க்டாப் உடனே திறந்தது. ஆனால் கேமரா போனில் தெரியாமல் போயிற்று. அதற்கு முகவரியைக் கையால் போட்டிருந்தார்கள் அல்லவா, அது பழைய வரிசையிலேயே நின்றுவிட்டது. டி.வி.ஆரில் மவுஸைச் செருகி, டி.வி. திரையில் பார்த்து, முகவரியையும் கேட்வேயையும் (ரவுட்டரின் முகவரி) புது வரிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிரிண்டருக்கும் இதேதான். ரவுட்டரை மாற்றுகிறவர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

3பி அன்று சாயங்காலமே போட்டுவிட்டோம். உங்களுக்கும் இப்படி ‘இணைந்தும் இணையாத’ அனுபவம் இருந்தால் எழுதுங்கள். எதைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

சென்னையிலிருந்து ஒரு மறுமொழி

பிங் நேரத்தைப் பார்க்கச் சொன்ன அந்த அண்ணாவுக்கு ஒரு வணக்கம். என் கதையில் பிங் நன்றாகவே போனது, அதுதான் என்னைச் சுற்றலில் விட்டது.

எங்கள் நிறுவனத்தில் வயர்கார்டு என்ற வி.பி.என். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் 5.6இலேயே, அதாவது 2020 மார்ச்சிலேயே, உள்ளே சேர்க்கப்பட்டது. அமைப்பதற்கு அவ்வளவு எளிது. வீட்டில் புதிதாக ஃபைபர் மாற்றிய வாரம் தொடங்கியது தொல்லை. ஹேண்ட்ஷேக், அதாவது இரு பக்கமும் கைகுலுக்கி இணைவது, ஆகிறது. பிங் போகிறது. சர்வருக்குள் லாகின் ஆகிறது. ஆனால் ஒரு பெரிய கோப்புறையைப் பட்டியலிடச் சொன்னால் திரை உறைந்துவிடும். உள் இணையதளங்களில் மேலே தாவலில் தலைப்பு வரும், கீழே பக்கம் வெள்ளையாகவே நிற்கும். சின்னது எல்லாம் போகிறது, பெரியது எதுவும் போகவில்லை. இதைக் கவனிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கவனித்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே முடிந்திருக்கும்.

வழக்கமான இணைப்பில் ஒரு பாக்கெட் (தரவு பிரிந்து போகும் சிறு பொட்டலம்) 1500 பைட்வரை இருக்கலாம். வயர்கார்டு தன் உறையைப் போர்த்துவதற்கு, பழைய முகவரி முறையான ஐபிவி4 என்றால் 60 பைட், புதிய முறையான ஐபிவி6 என்றால் 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) வழக்கமாக 1420. என் புது ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வகை. அது 8 பைட் எடுத்துக்கொண்டு 1492தான் மிச்சம் வைக்கிறது. எங்கள் சர்வரை நான் ஐபிவி6 வழியாகத் தொடுகிறேன். 1492இல் 80 போனால் 1412. ஆனால் வயர்கார்டு 1420 என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த 8 பைட்தான் விஷயம். முழு அளவுப் பாக்கெட் வழியில் விழுந்தது. பெரிதாக இருக்கிறது, சுருக்கி அனுப்பு என்று திருப்பிச் சொல்ல வேண்டிய செய்தியும் எங்கேயோ தடுக்கப்பட்டுவிட்டது, அதனால் இரண்டு பக்கமும் சும்மா காத்திருந்தன.

அளந்து பார்க்க, வி.பி.என்.னை அணைத்துவிட்டு விண்டோஸ் பிங்கில் ‘உடைக்காதே’ என்ற குறியோடு அளவு கொடுத்து அனுப்புங்கள். எனக்கு 1472 போகவில்லை, 1464 போனது. அதோடு பாக்கெட்டின் முன்னால் வரும் முகவரிப் பகுதிக்கு 28 சேர்த்தால் 1492. வயர்கார்டு அமைப்புக் கோப்பில் எம்.டி.யூ. 1412 என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், எல்லாம் ஓடத் தொடங்கியது. அளக்கப் பொறுமை இல்லாதவர்கள் 1280 போட்டுப் பாருங்கள். அதற்குச் சரியாகிவிட்டால் நோய் இதுதான் என்று தெரிந்துவிடும், அப்புறம் நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் யாரும் முதலில் பார்க்காத இடம். தம்பியின் பழைய கணினியில் கல்லூரியின் ஓபன்விபிஎன்னைப் போட்டுக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் ஓடிய அதே அமைப்பு முறை அவன் கணினியில் தினமும் காலையில் ஏறாது, மதியத்துக்கு மேல் ஏறும். பாஸ்வேர்டை மாற்றினோம், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டோம். கடைசியில் மென்பொருள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பான லாக்கை வரி வரியாகப் படித்தபோது, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. திரையின் மூலையைப் பார்த்தால் தேதி சில வருடங்கள் பின்னால் நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருக்கிறது. இரவில் ஸ்விட்சை அணைத்ததும் கடிகாரம் பின்னால் ஓடிவிடுகிறது, விண்டோஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்வரை வி.பி.என். ஏறாது. வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைத்தது.

லாக்கைப் படியுங்கள். நானும் கடைசியில்தான் படித்தேன்.

(சென்னைக்காரர்: வயர்கார்டிலும் கடிகாரம் முக்கியம். ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் ஒரு நேர முத்திரை போகும். முன்பு வந்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால் சர்வர் ஒரு வார்த்தையும் பேசாமல் தள்ளிவிடும். பிழைச் செய்திகூட வராது.)

காரைக்குடிக்காரன், இப்போது பெங்களூரில்

அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவின் கணினியில் ஏதாவது என்றால் நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள, அந்தக் கணினியையே வயர்கார்டு சர்வராக ஆக்கினேன். ரவுட்டரில் வயர்கார்டுக்கான 51820 போர்ட்டையும் (வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு) திறந்துவிட்டேன். ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. ரவுட்டர் தன் வெளி முகவரி என்று காட்டியது 100.72 என்று தொடங்கியது. இணையதளத்தில் பார்த்தால் முற்றிலும் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கப் பயன்படுத்துபவை. நம் வீட்டு ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும், அதற்கு வெளியே இருக்கும் தெருக் கதவு நம் கையில் இல்லை.

நிலையான ஐ.பி. வாங்கலாம், மாதாமாதம் கட்டணம் உண்டு. நான் ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்தேன். அப்பாவின் கணினியும் என் லேப்டாப்பும் இரண்டும் வெளியே போய் அந்த சர்வரில் சந்திக்கின்றன. அப்பா பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்று போட்டிருக்கிறேன். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருப்பதால் வழி மூடிக்கொள்வதில்லை. போன வாரம் மின்கட்டணம் கட்டும் பக்கத்தை அப்பாவோடு சேர்ந்து திறந்து கொடுத்தேன்.

பெருந்துறையிலிருந்து மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. தனிச்செய்தியில் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: 2022இல் அரசு வி.பி.என்.னுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததே, அலுவலகத்தில் இப்படிப் போடலாமா என்று. சாரும் முதலில் இதைத்தான் கேட்டார். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை வழங்குபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என். அதில் வராது என்று அடுத்த மாதமே கேள்வி-பதிலாக விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அதே நேரம், அலுவலக வி.பி.என். ஏறவில்லை என்று அதற்குப் பதிலாக ஏதாவது இலவச வி.பி.என். செயலியைப் போடாதீர்கள். அது உங்களை அலுவலகத்துக்குள் கொண்டுபோய் விடாது. உங்கள் போக்குவரத்து எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கை வழியாகப் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பவானியிலிருந்து வரும் சக ஊழியர் வீட்டிலும் 192.168.1தான். ஒவ்வொருவர் வீட்டையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று, தீபாவளி விடுமுறையில் அலுவலகத்தின் வரிசையையே 10.73.18 என்று மாற்றினோம். நானும் அண்ணாவும் இன்னும் இருவரும் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். சர்வர், இரண்டு பிரிண்டர், விரல்ரேகை வருகைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. அந்த வருகைப் பெட்டியின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லாததால் மட்டும் ஒரு மணி நேரம் போனது. புதிதாகச் சேர்ந்த பெண் சென்ற வாரம் கோபியில் தன் வீட்டிலிருந்து போட்டுப் பார்த்தார். வீட்டில் எதையும் மாற்றவில்லை, முதல் முயற்சியிலேயே டேலி திறந்துவிட்டது.