மகளுக்காக நிதி திரட்டப் போகிறோம்: எதற்கென்று கேட்பது, எதைக் காட்டுவது?

கேள்வி (ஒரு தாய்)

எங்கள் மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. ஒன்றரை வயது வரை ஏழெட்டுச் சொற்கள் பேசிக்கொண்டும் கரண்டியைத் தானே பிடித்துக்கொண்டும் இருந்தவள், அடுத்த சில மாதங்களில் சொற்களையும் கைப்பிடியையும் ஒவ்வொன்றாக இழந்தாள். இப்போது விழித்திருக்கும் நேரமெல்லாம் இரு கைகளையும் ஈரத்துணி பிழிவதைப் போல முறுக்கிக்கொண்டே இருக்கிறாள். சென்ற ஆண்டு மரபணுப் பரிசோதனையில், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அரிய மரபணு நோயான ரெட் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. இணையத்தில் நிதி திரட்டித் தர உறவினர்கள் முன்வந்திருக்கிறார்கள். அவளுக்கு வலிப்பு வந்தபோது எடுத்த காணொளியை முதலில் போட்டால்தான் பார்ப்பவர் மனம் இளகும் என்கிறார் அவர்களில் ஒருவர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் நாங்கள் இல்லை. சிகிச்சைக்கென்று கேட்பதா, ஆராய்ச்சிக்கென்று கேட்பதா என்பதிலும் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. இந்த வழியில் முன்பே நடந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தந்தை)

அம்மா, இரண்டுக்கும் கேளுங்கள். ஒரே கணக்கில் மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் "மகளைக் காப்பாற்றுங்கள்" என்ற ஒரே தலைப்பில் திரட்டினோம். அந்தப் பணத்தில் சக்கர நாற்காலி வாங்கியபோது, "மருந்து கண்டுபிடிக்க அல்லவா கொடுத்தேன்" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததால் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இயன்முறை சிகிச்சை, முதுகுத்தண்டு வளைந்தால் தேவைப்படும் சிகிச்சை, கண் அசைவைக் கொண்டே இயக்கும் கணினி என்று இன்னின்னதற்கு இவ்வளவு எனக் குறிப்பிட்டு, தொகை சேர்ந்த அன்றே அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.

ஆராய்ச்சி என்பது வேறு கால அளவு. ஆஸ்திரிய மருத்துவர் ஆண்ட்ரியாஸ் ரெட் 1966-இல் இந்நோயைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார்; 1983-இல் ஸ்வீடன் மருத்துவர் பெங்ட் ஹாக்பெர்கும் உடன் பணியாற்றியவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் பரவலாகத் திரும்பிப் பார்த்தது. ஹுதா ஸோக்பியின் ஆய்வுக்குழு எம்.இ.சி.பி.2 மரபணுவைக் காரணமாகக் கண்டது 1999-இல். 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு, நோயுற்ற எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் செயல்பட வைத்தபோது அறிகுறிகள் பெருமளவு பின்வாங்கின. முதல் மருந்தான ட்ரோஃபினடைடுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2023 மார்ச்சில், அதாவது முதல் கட்டுரைக்கு 57 ஆண்டுகள் கழித்து. ஒரு குடும்பம் திரட்டும் பணத்தில் மருந்து பிறந்துவிடாது. எழுதியது பலரும் படிக்கும் மொழியில் இல்லாததால் பல ஆண்டுகள் போயின என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். குழந்தை மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் படித்தால் புரியும்படி இந்நோயைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் எழுதிப் பரப்புங்கள். அதற்குச் செலவே இல்லை.

காணொளியைப் பொறுத்தவரை நான் உங்கள் உறவினர் பக்கம். நாங்கள் சிரிக்கும் படத்தைப் போட்டபோது வாழ்த்து வந்தது. அழும் படத்தைப் போட்டபோது பணம் வந்தது.

மறுமொழி 2 (மரபியல் ஆலோசகர்)

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நிதி கேட்டு எழுதும்போது யாராவது ஒருவர் "எந்த வழியில் வந்தது?" என்று கேட்பார். பெரும்பாலான ரெட் குழந்தைகளில் இந்த மரபணு மாற்றம் பெற்றோரிடம் இருந்ததன்று. புதிதாக உண்டாவது, அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேர்வது. தாயையோ தந்தையையோ குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது என்பதால் கருவுறும் முன் ஆலோசனை பெறுங்கள்.

இந்நோய் உள்ளவர்களின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் நோயாளர் பதிவேட்டில் மகளைச் சேர்ப்பது, ஆராய்ச்சிக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய கொடை. சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோயில், எந்த வயதில் எது குறைகிறது, எது நிலைத்து நிற்கிறது என்ற குறிப்புகள் இல்லாமல் எந்த மருந்து பலன் தந்தது என்று காட்டவே இயலாது. சேர்க்கும்போது நோயின் பெயர் மட்டும் போதாது, எம்.இ.சி.பி.2-இல் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்பது பரிசோதனை அறிக்கையில் எழுத்தும் எண்ணுமாக இருக்கும், அதை அப்படியே தர வேண்டும்.

ட்ரோஃபினடைடு நோயை நீக்குவதில்லை. சில அறிகுறிகளைத் தணிக்கிறது, பலருக்கு வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது. பழுதான மரபணுவுக்கு ஈடாக நல்ல பிரதியை உடலில் செலுத்தும் மரபணு சிகிச்சை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. அதிலுள்ள சிக்கல், எம்.இ.சி.பி.2 மரபணு உருவாக்கும் புரதம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு; மரபணு இரட்டித்துப்போனால் அதுவே தனியொரு நோய். ஆகவே "பணம் கட்டினால் அடுத்த மாதமே ஸ்டெம் செல் ஏற்றிக் குணப்படுத்துகிறோம்" என்று அழைப்பவர்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, ரெட் குழந்தைகளில் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும், ஈசிஜி எடுத்திருக்கிறீர்களா?

மறுமொழி 3 (ரெட் சிண்ட்ரோம் உள்ள ஒருவரின் அக்கா)

முதலில் எழுதிய ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியொரு காணொளி போட்டோம், பணமும் வந்தது. அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் தங்கையின் முன்னாலேயே "இவள்தானா அது, பாவம்" என்றார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கை முறுக்குவது வேகம் பிடிக்கும். அவளுக்குப் பேச்சுதான் இல்லை, கேட்பது புரிகிறது. இரண்டு அட்டைகளைக் காட்டிக் கேட்டால் கண்ணால் ஒன்றைச் சொல்வாள். விடை வர அரை நிமிடம்கூட ஆகும், அதற்குள் நாம் கேள்வியை மாற்றிவிடக் கூடாது. உங்கள் மகளின் அப்படியொரு அரை நிமிடத்தை வெட்டாமல் காட்டுங்கள். பணம் குறைவாக வரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மகள் பதினைந்து வயதில் தன்னைப் பற்றித் திரையில் காணப்போவது நீங்கள் இப்போது போடும் காணொளியைத்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வலிப்புக் காணொளி இனி வெளியே போகாது; கணக்கு இரண்டாகத்தான் இருக்கும். ஐயா சொன்ன இரண்டு பக்கத்தை என் கணவர் எழுதத் தொடங்கிவிட்டார். ஈசிஜி இதுவரை எடுக்கவில்லை, நாளை மருத்துவரிடம் கேட்கிறேன். பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மாற்றத்தின் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஓராண்டில் நான் முதல் பக்கத்தைத் தாண்டிப் படித்ததே இல்லை.