ஒரு டேங்க்கில் டாக்ஸி, இன்னொன்றில் ரன்-அப்: ஆர்ச்சரில் எந்தப் பழக்கம் சரி?

நீலவான் கேட்டது:

செஸ்னா 172 பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு இப்போது பைப்பர் ஆர்ச்சர் விமானத்துக்கு மாறுகிறேன். 172-ல் எந்த டேங்க்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை 'போத்'தில் (இரண்டு டேங்க்கும்) விட்டால் அதோடு வேலை முடிந்தது. ஆர்ச்சரில் இடது, வலது, ஆஃப் என்று மூன்றே நிலை. போதாததற்கு ஒரு மின்சார எரிபொருள் பம்ப் வேறு. மூன்று இடங்களில் குழப்பம்:

1. ஒரு பயிற்சியாளர், "ஒரு டேங்க்கில் டாக்ஸி (தரையில் ஓட்டிச் செல்வது) செய், இன்னொரு டேங்க்குக்கு மாற்றி ரன்-அப் (கிளம்புமுன் எஞ்சின் சோதனை) செய், அதிலேயே கிளம்பு" என்கிறார். இன்னொருவர், "ஸ்டார்ட் செய்த டேங்க்கிலேயே கிளம்பு, இடையில் செலக்டரைத் தொடாதே" என்கிறார். எதைப் பின்பற்றுவது?

2. மின்சார பம்ப்பை எப்போது போட்டு எப்போது அணைப்பது? டேக்-ஆஃபில் போடத்தான் போகிறோம் என்றால் நடுவில் ஏன் அணைக்க வேண்டும்?

3. முன்புறம் இருக்கும் ஸ்ட்ரெய்னரை (எரிபொருள் வடிகட்டி) ஒருமுறை வடித்தால் போதாதா? செலக்டரை மாற்றி மாற்றி இரண்டு முறை வடிக்கச் சொல்கிறார்கள்.

மேற்குக்காற்று:

முதல் கேள்விக்குக் கொஞ்சம் கணக்கு போட்டுவிட்டால் விவாதமே தேவையில்லை.

செலக்டரை ஆஃபில் தள்ளினாலும் எஞ்சின் அந்த நொடியே நிற்காது. செலக்டருக்கு அப்பால் குழாயிலும், ஸ்ட்ரெய்னர் கிண்ணத்திலும், கார்புரேட்டர் கிண்ணத்திலும் எரிபொருள் நிற்கிறது. மொத்தம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு விமானம் இது மாறும், கணக்கு புரிய இது போதும். 1000 ஆர்.பி.எம்-ல் 180 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 7, 8 லிட்டர் குடிக்கும். அப்படியென்றால் அந்த அரை லிட்டர் நான்கு நிமிடம் வரும். ரன்-அப்பில் 2000 ஆர்.பி.எம் வைத்தால் மணிக்கு 20 லிட்டர் அளவுக்குப் போகும், ஒன்றரை நிமிடம் வரும். முழு த்ராட்டில், முழு ரிச் மிக்ஸ்சர் (எரிபொருள் அதிகம் சேர்ந்த கலவை) என்றால் மணிக்குச் சுமார் 60 லிட்டர். அரை நிமிடம்!

அரை நிமிடம் என்பது ஓடுபாதையில் ஓடி, தரையை விட்டு, திரும்பி இறங்க முடியாத உயரத்துக்கு வந்து சேரும் நேரம். ரன்-அப் முடிந்த பிறகு, ஓடுபாதைக்கு முன் காத்திருக்கும் ஹோல்டிங் பாயின்ட்டில் நின்றுகொண்டு "நிறைய இருக்கிற டேங்க்குக்கு மாற்றிவிடலாம்" என்று செலக்டரைத் திருப்புவது அதனால்தான் ஆகாத வேலை. புது டேங்க்கில் தண்ணீர் இருந்தாலோ, காற்று புகும் வென்ட் அடைத்திருந்தாலோ, செலக்டர் பாதியில் நின்றிருந்தாலோ, அது தெரியவரும் இடம் ஓடுபாதையின் மறுமுனைக்கு மேலே. இரண்டாவது பயிற்சியாளர் பயப்படுவது இதற்குத்தான். பயம் நியாயமானது.

ஆனால் அவர் சொல்கிறபடி ஒரே டேங்க்கில் கிளம்பினால் மற்ற டேங்க் வேலை செய்கிறதா என்பது பறக்கும்போதுதான் தெரியும். முதல் பயிற்சியாளரின் முறை இரண்டையும் தரையிலேயே சோதித்துவிடுகிறது. என் ஓட்டு அதற்குத்தான், ஒரு திருத்தத்தோடு. ரன்-அப் இடத்துக்கு வந்து நின்ற பிறகு மாற்றாதீர்கள். மாற்றிவிட்டு ஒரு நிமிடம் ரன்-அப் செய்தால் மேலே சொன்ன கணக்குப்படி எரிந்தது முந்தைய டேங்க்கின் எரிபொருள்தான். புது டேங்க்கிலிருந்து ஒரு சொட்டும் எஞ்சினுக்குப் போயிருக்காது. டாக்ஸி பாதி வழியில் மாற்றுங்கள். டாக்ஸி தூரம் குறைவென்றால், குறைவாக இருக்கும் டேங்க்கில் ஸ்டார்ட் செய்து, விமானம் நிறுத்தும் ஏப்ரனில் நின்றபடியே மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறைந்த டேங்க்குக்கு மாற்றிக் கிளம்புங்கள். ரன்-அப்புக்குப் பின் செலக்டரில் கை படவே கூடாது.

மாற்றும்போது கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். ஆர்ச்சரில் செலக்டர் இடது காலுக்குப் பக்கத்தில், பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. வலது இருக்கையிலிருந்து சரியாகத் தெரியாது. 'டக்' என்று பள்ளத்தில் உட்கார்ந்தது விரலுக்குத் தெரிய வேண்டும், முள் எழுத்துக்கு நேரே நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஃப்யூல் பிரஷர் மீட்டர் பச்சைக் கோட்டில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் அந்தச் சோதனை ஆகவில்லை என்றே அர்த்தம்.

ஸ்பேனர்_17:

பம்ப் விஷயத்தைப் பராமரிப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

172-ல் டேங்க் தலைக்கு மேலே. கார்புரேட்டர் வைத்த பழைய 172-களில் புவியீர்ப்பே எரிபொருளை இறக்கிவிடும். ஆர்ச்சரில் டேங்க் எஞ்சினுக்குக் கீழே இருப்பதால் உறிஞ்சி ஏற்ற வேண்டும். அந்த வேலையை எஞ்சினோடு சுற்றும் பம்ப் செய்கிறது. அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வு கிழிந்தால் காப்பாற்ற மின்சார பம்ப். இரண்டும் ஒரே குழாயில் வரிசையாக இருக்கின்றன, பிரஷர் மீட்டர் ஒன்றுதான். மின்சார பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் எஞ்சின் பம்ப் செத்திருப்பதை மீட்டர் காட்டிக்கொடுக்காது. நடுவில் அணைக்கச் சொல்வது அதற்குத்தான்.

வரிசை இப்படி: மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, எஞ்சின் ஓடுவதற்கு முன்பே மின்சார பம்ப்பைப் போடுங்கள். டிக் டிக் சத்தம் கேட்க வேண்டும், பிரஷர் ஏற வேண்டும். ஆர்ச்சர் 2-ல் பச்சைக் கோடு 0.5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை. ஸ்டார்ட் ஆனதும் அணையுங்கள். மீட்டர் பச்சையிலேயே நின்றால் எஞ்சின் பம்ப் சரி. சறுக்கிக்கொண்டே கீழே வந்தால் அந்த விமானம் அன்று பறக்கக் கூடாது. டேங்க் மாற்றும்போது பம்ப் போடு, திருப்பு, பிரஷர் நிலைத்ததைப் பார், பிறகு அணை. டேக்-ஆஃபுக்கு மறுபடி போடு. பாதுகாப்பான உயரத்தில் அணைக்கும்போதும் கண் மீட்டரில் இருக்க வேண்டும்.

சத்தம் வருகிறது, பிரஷர் ஏறவில்லை என்றால் முதலில் செலக்டரைப் பாருங்கள், ஆஃபில் இருக்கலாம். பிரஷர் இருக்கிறது, எஞ்சின் மூடியான கௌலிங்குக்கு அடியில் சொட்டுகிறது என்றால் கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது தீயைக் கூப்பிடுவது.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 172-ல் எங்கே கசிந்தாலும் நீலத் தழும்பு விழும், ஏனென்றால் 100 எல்.எல். ஏவ்காஸில் (விமானப் பெட்ரோல்) நீலச் சாயம் இருக்கிறது. ஆர்ச்சரில் பம்ப்புக்கு முந்தைய பகுதி உறிஞ்சப்படும் பக்கம். அங்கே ஒரு ஓ-ரிங் தேய்ந்தால் எரிபொருள் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். தழும்பே இல்லாமல் பிரஷர் முள் மட்டும் நடுங்கும். செலக்டர் வால்வின் சீல், ஸ்ட்ரெய்னர் கிண்ணத்தின் கேஸ்கெட், முழுதாக மூடாத வடிகால் மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. முள் நடுங்கினால் "மீட்டர் பழசு" என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள், லாகில் எழுதுங்கள்.

ஸ்ட்ரெய்னரை இரண்டு முறை வடிப்பது எதற்கு? டேங்க் வடிகால் டேங்க்கின் அடியை மட்டும் காட்டும். டேங்க்குக்கும் செலக்டருக்கும் நடுவிலுள்ள குழாயில் என்ன தங்கியிருக்கிறது என்பதை அந்தப் பக்கம் செலக்டரைத் திருப்பி வடித்தால்தான் பார்க்க முடியும். ஆர்ச்சரில் மொத்தமே மூன்று வடிகால்கள்: டேங்க்குக்கு ஒன்று, எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் கீழ் இடது முன்பக்கத்தில் ஸ்ட்ரெய்னர். 172எஸ்-ல் பதின்மூன்று! மூன்றையே ஒழுங்காக வடிக்க அலுப்பு என்றால் என்ன சொல்வது.

டம்ளரில் பிடித்ததை வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பதை விட வெள்ளைப் பின்னணியில் பாருங்கள். அடியில் தனித் துளியாகத் தெரிந்தால் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியும். டம்ளர் முழுக்கவே தண்ணீராக இருந்தால் பிரிகோடு இருக்காது, பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். நிறம் நீலமா என்று பார்ப்பது அதற்காகத்தான். ஜெட் எரிபொருள் கலந்த சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் சில சொட்டு விடுங்கள். ஏவ்காஸ் ஆவியாகி மறைந்துவிடும், ஜெட் எண்ணெய்க்கறை மாதிரி தங்கும். எரிபொருள் நிரப்பியவுடன் வடிப்பதில் பயனில்லை, தண்ணீர் அடியில் இறங்கக் குறைந்தது கால் மணி நேரம் கொடுங்கள்.

இறக்கைமுனை:

செலக்டர் மட்டுமே பேசுகிறோம். மிக்ஸ்சரையும், ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினுக்கு எரிபொருள் பீய்ச்சும் ப்ரைமரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மிக்ஸ்சரைப் பின்னால் இருந்து முன்வரை முழுதாக நகர்த்திப் பாருங்கள். நடுவில் எங்காவது கரகரப்போ திடீரென்று லேசாவதோ இருந்தால் கேபிள் உறை தேய்கிறது அல்லது முனை கழன்றிருக்கிறது. முழு ரிச்சில் கைப்பிடி பலகையில் போய் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. விட்டதும் ஓரிரு மில்லிமீட்டர் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பல் இருந்தால்தான் மறுமுனையில் கார்புரேட்டர் நெம்புகோல் அதன் தடுப்பைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். த்ராட்டிலுக்கும் இதே சோதனை.

அணைக்கும்போதும் ஒரு சோதனை கிடைக்கிறது, அது இலவசம். எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் ஐடிலில் மிக்ஸ்சரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். நிற்பதற்கு முன் ஆர்.பி.எம் 25 முதல் 50 வரை ஏறி இறங்க வேண்டும். 50-க்கு மேல் ஏறினால் ஐடில் மிக்ஸ்சர் அதிக ரிச். ஏறாமலேயே விழுந்தால் லீன், அதாவது எரிபொருள் குறைவு. முழுதாக இழுத்தும் எஞ்சின் நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஒன்று கேபிள், இல்லையென்றால் ப்ரைமர்.

கையால் அடிக்கும் ப்ரைமர் உள்ள விமானங்களில் அடித்து முடித்ததும் உள்ளே தள்ளித் திருப்பிப் பூட்டி, பிறகு ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. பூட்டாமல் விட்டால் ஐடிலில் இன்டேக்கில் இருக்கும் உறிஞ்சல் ப்ரைமர் வழியாகவே எரிபொருளை இழுக்கும். கருப்புப் புகை, நடுக்கம், ப்ளக்கில் கரி. த்ராட்டில் திறந்தால் உறிஞ்சல் குறைந்து எஞ்சின் தெளிந்துவிடும். அதனால் ரன்-அப்பில் தப்பித்து, இறங்கும்போது த்ராட்டிலை மூடும் நேரத்தில் மறுபடி வரும்.

பொறிமேடை:

செலக்டர் எங்கே இருக்கிறது, கை எட்டுகிறதா என்பதும் சோதனையில் ஒரு பகுதிதான். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்த, தனிநபர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் செலக்டர் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் எந்த நிலை எது என்ற குறியும் இல்லை. அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும். திருப்பும்போது கால் வலது ரடர் பெடலை அழுத்தி விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. கிளம்புமுன் எரிபொருள் நிரப்பாததையும் காரணமாகச் சொன்னார்கள், அளவுக் கண்ணாடியில் குறிகள் இல்லாததைத் துணைக் காரணங்களில் சேர்த்தார்கள். எட்டாத செலக்டர் பற்றிக் கிளம்புமுன்பே பேச்சு வந்து, நீட்டிப்புக்கு ஒரு வைஸ்-கிரிப் இடுக்கியை மாட்டிப் பார்த்தும் இருக்கிறார்கள்.

புது விமானத்தில் உட்கார்ந்ததும் பெல்ட்டைப் போட்டு, தோள் பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டு, உடம்பைத் திருப்பாமல் செலக்டரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். பெல்ட் போடாமல் எட்டுவது கணக்கில் சேராது. ஆர்ச்சரில் ஆஃபுக்குப் போகத் தடுப்பை அழுத்த வேண்டும். அழுத்தாமலேயே போனால் பழுது, எழுதிக் கொடுங்கள்.

நீலவான்:

நன்றி அண்ணா, கணக்கு போட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு துணைக் கேள்வி. ஆர்ச்சர் டேங்க்கில் இருக்கும் அளவு காட்டும் தகடு வரை நிரப்பினால் எவ்வளவு? 172-ஐ நிறுத்தும்போது செலக்டரை 'போத்'திலேயே விடலாமா?

மேற்குக்காற்று:

தகட்டின் அடிவரை என்றால் ஒரு பக்கம் 17 அமெரிக்க கேலன், சுமார் 64 லிட்டர். முழுதாக நிரப்பினால் இரண்டும் சேர்த்து 50 கேலன், அதில் பயன்படுவது 48. சமதளத்தில் நின்றால் மட்டுமே தகடு உண்மை சொல்லும். டிப்-ஸ்டிக் என்றால் அந்த ரகத்துக்கென்று கோடு போட்டதைத்தான் விட வேண்டும். செஸ்னா 152-இன் குச்சியை 172-இல் விட்டு அளப்பதும் நடக்கிறது.

172-ஐச் சரிவில் நிறுத்தினால் 'போத்'தில் விடாதீர்கள். மேல்பக்க டேங்க் கீழ்பக்கத்துக்கு வடிந்து, நிறைந்திருந்தால் வென்ட் வழியாகத் தரையில் கொட்டும். இடதிலோ வலதிலோ வையுங்கள். எரிபொருள் நிரப்பும்போதும் அப்படியே, 'போத்'தில் இருந்தால் ஒரு பக்கம் நிரப்ப நிரப்ப மறுபக்கம் போய்க்கொண்டிருக்கும். மறுநாள் வருபவர் அதைத் திருப்பி 'போத்'துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் செக்லிஸ்ட்டில் செலக்டர் வரியை வாயால் படித்து, கையால் தொட்டுத்தான் கடக்க வேண்டும். 172எஸ்-ல் செலக்டரில் ஆஃப் கிடையாது. அடைப்பதற்குத் தனியாக ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது. அது முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள்.