பனி நாளில் இரண்டு மணி நேரத் தாமதம்: பிள்ளையை யார் பார்ப்பது?

மணிக்கூலி_அம்மா

வணக்கம். அமெரிக்காவில் பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்களிடம் ஒரு கேள்வி. பனி, உறைமழை, கடும் குளிர் என்றால் பள்ளியை மூடாமல் இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்குகிறார்களே, இந்த டிலே நாட்களை உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் சமாளிக்க முடியவில்லை. எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் காலை ஏழு மணி ஷிப்ட். கணவர் அதற்கும் முன்னால் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் பள்ளி தொடங்கும் முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் நடக்கும் பிஃபோர் கேரில் மகளை விட்டுவிட்டுப் போவேன். டிலே அறிவித்தால் பிஃபோர் கேரும் அதே இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. செய்தி போனுக்கு வருவது ஐந்தரை மணி வாக்கில். அந்த நேரத்தில் யாரை எழுப்பி உதவி கேட்பது?

முழு விடுமுறையைவிட இதுதான் மோசம் என்பேன். நாள் முழுக்க என்றால் பேபிசிட்டர் வருவார், அல்லது நானும் கணவரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்காகப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். போதாததற்கு ஏழு மணிக்கு மறுபடி ஒரு செய்தி வரும்: இன்று பள்ளியே இல்லை. அதற்குள் நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிப்டை ஒன்பது மணிக்கு மாற்றியிருப்பேன்.

முந்தின இரவே சொல்லுங்கள். முடியாது என்றால், தேவைப்படுகிறவர்களுக்காகக் கட்டடத்தையாவது வழக்கமான நேரத்துக்குத் திறந்து வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

மஞ்சள்_பஸ்

நீங்கள் கேட்கும் இரண்டுமே கஷ்டம் தங்கச்சி. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே போக்குவரத்துப் பிரிவு ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு பாலம், மேடு, உட்சாலை என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். சாலைத் துறையிடம் பேசுகிறார்கள், பக்கத்துப் பள்ளி மாவட்டங்களிடம் கேட்கிறார்கள். அதை வைத்துத்தான் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் முடிவெடுக்கிறார். எங்கள் முதல் பஸ் ஆறு மணிக்கு முன்பே டிப்போவை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரே பஸ்தான் முதலில் ஹைஸ்கூல், அப்புறம் மிடில் ஸ்கூல், கடைசியாகத் தொடக்கப்பள்ளி என்று மூன்று சுற்று ஓடும். முதல் சுற்று முழுக்க இருட்டில். அதனால் ஐந்து, ஐந்தரைக்குள் முடிவு வந்தே ஆக வேண்டும். அதற்கு முன்னால் சாலையின் நிலை தெரியாது.

முந்தின இரவே சொல்லலாமே என்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு 34 டிகிரி ஃபாரன்ஹீட் (தண்ணீர் உறைவது 32இல்), வெறும் மழை. நான்கு மணிக்கு 31, அதே ஈரம் கண்ணாடிபோல் பனிக்கட்டி ஆகிவிடும். இந்த மூன்று டிகிரியை இரவிலேயே துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது.

அந்த இரண்டு மணி நேரம் சும்மா போவதில்லை. வெளிச்சம் வருகிறது. சாலையில் உப்புத் தூவும் வண்டிகள் முதலில் நெடுஞ்சாலையை முடித்துவிட்டுத்தான் உட்சாலைக்கு வரும். பஸ் நிறுத்தமெல்லாம் உட்சாலையில்தான் இருக்கிறது. 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனிக்கட்டியை மிக மெதுவாகத்தான் உருக்கும், வெயில் பட்டால்தான் வேலை செய்யும். பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கித் தாங்களே காரோட்டி வரும் ஹைஸ்கூல் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். பஸ் ஓட்டும் எங்களுக்காவது பயிற்சி இருக்கிறது.

வீட்டிலிருந்து_வேலை

அண்ணா சொல்வது நியாயம். பள்ளியின் பொறுப்பு பாடம் சொல்லித் தருவதும் பாதுகாப்பாகக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதும்தான். பிள்ளை பராமரிப்பு பெற்றோரின் பொறுப்பு. வருடத்தில் சில நாட்கள், அதுவும் இரண்டே மணி நேரம். என் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவேன், மகன் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை உங்களை வேலைக்கு வைத்திருப்பவரிடம் காட்டுங்கள், பள்ளியிடம் காட்டாதீர்கள்.

எட்டாம் வகுப்பு, ஹைஸ்கூல் என்று மூத்த பிள்ளை இருக்கும் வீடுகளில் அவர்களே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளலாமே?

மணிக்கூலி_அம்மா

நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்று நினைக்கிறேன் நண்பரே. இங்குள்ள தொழிலாளர் விதியில் உங்களைப் போன்ற "எக்ஸெம்ப்ட்" (ஓவர்டைம் விதிக்கு உட்படாத மாதச் சம்பள) ஊழியர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால், அந்த இரண்டு மணி நேரத்துக்கென்று சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. அதிகபட்சம் விடுப்புக் கணக்கில் கழிப்பார்கள். மணிக்கணக்கில் ஊதியம் வாங்குகிறவருக்கு வேலை செய்யாத நேரத்துக்குப் பணம் கிடையாது, அதோடு தாமதத்துக்கு ஒரு பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் வேலையே போகும். பனி எல்லோர் வீட்டிலும் ஒரே அளவுதான் பெய்கிறது, இழப்பு அப்படி இல்லை.

வேலை கொடுப்பவரிடம் கேள் என்கிறீர்கள். எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது? 1993இல் வந்த எஃப்எம்எல்ஏ என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் குழந்தைப் பிறப்பு, கடுமையான நோய் போன்றவற்றுக்குத்தான் விடுப்பு தருகிறது. பள்ளி மூடினால் அதில் இடமில்லை. கலிபோர்னியாவில் 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பெற்றோருக்கு வருடம் 40 மணி நேரம் வரை பள்ளி சார்ந்த விடுப்பு உண்டு, பள்ளி எதிர்பாராமல் மூடப்படுவதும் அதில் சேரும். பனி கொட்டும் எத்தனையோ மாநிலங்களில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

மூத்த பிள்ளை யோசனையைப் பற்றி. பஸ் அண்ணா சொன்ன வரிசையைப் பாருங்கள். ஹைஸ்கூல் பிள்ளைதான் முதலில் கிளம்புகிறது, தொடக்கப்பள்ளிப் பிள்ளை கடைசியில். டிலே நாளிலும் வரிசை அதேதான். அண்ணன் போன பிறகு ஏழு வயதுத் தங்கை தனியாக இருந்து, தானே கதவைப் பூட்டிவிட்டு, உறைந்த நடைபாதையில் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். மேரிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டில் தனியாக விடுவதே சட்டப்படி குற்றம். பார்த்துக்கொள்பவருக்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும்.

டீச்சரக்கா

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, எனக்கும் இரண்டு பிள்ளைகள். கட்டடத்தைத் திறந்து வையுங்கள் என்று சொல்லும்போது, திறப்பது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டடத்தைப் பராமரிக்கும் கஸ்டோடியன் பனியை வாரி, படிக்கு உப்புப் போட்டு, ஹீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வேண்டும். அவர்களும் அதே வழுக்கும் சாலையில்தான் வர வேண்டும். என் பிள்ளைகளின் பள்ளி வேறு மாவட்டத்தில் இருக்கிறது; அங்கே டிலே, இங்கே இல்லை என்றால் நானும் உங்கள் நிலையில்தான் நிற்கிறேன்.

டிலே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலும் முழு விடுமுறைதான் வரும். பல மாநிலங்களில் தாமத நாள் பள்ளி நாளாகவே எண்ணப்படுகிறது, அதனால் ஜூன் மாதத்தில் ஈடுகட்ட வேண்டியதில்லை.

தவறான நேரத்தில் பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று 2014 ஜனவரி 28இல் அட்லாண்டாவில் பார்த்தோம். இரண்டு அங்குலம் சொச்சம் பனிதான். பள்ளி, அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், சாலைகள் உறைந்து நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவைப் பள்ளிகளிலேயே கழித்தார்கள், பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதைப் பார்த்த பிறகு, காலையில் இரண்டு மணி நேரம் பொறுத்திருப்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

வடக்குக்காற்று

கனடாவிலிருந்து எழுதுகிறேன். ஒன்டாரியோவின் பல பகுதிகளில் வேறு வழக்கம் இருக்கிறது: வானிலை மோசம் என்றால் பஸ்ஸை மட்டும் ரத்து செய்வார்கள், பள்ளி திறந்திருக்கும். கொண்டுவந்து விட முடிந்தவர்கள் விடலாம், முடியாதவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போயே தீர வேண்டிய பெற்றோருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. காலையில் பஸ் ரத்தானால் பெரும்பாலும் மாலையிலும் வராது, நாமே போய்க் கூட்டிவர வேண்டும். அது ஒரு தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லை காலையிலேயே தெரிந்துவிடும், திட்டமிடலாம். பள்ளியையும் பஸ்ஸையும் ஒன்றாகக் கட்டிவைப்பதுதான் உங்கள் ஊர்ச் சிக்கலின் வேர்.

மஞ்சள்_பஸ்

கார் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் தம்பி? என் பஸ்ஸில் ஏறும் பல வீடுகளில் ஒரே கார், அதை அப்பா நான்கு மணிக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பார். பஸ் இல்லாமல் பள்ளியைத் திறந்தால் வசதி உள்ள பிள்ளை வரும், மற்றது வீட்டில் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் டிலே அன்று காலை உணவும் இல்லை; அதை நம்பி வரும் பிள்ளைகளை எனக்கு முகம் முகமாகத் தெரியும். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரக்கு_ஷிப்ட்

நான் ஒரு கிடங்கில் காலை ஷிப்ட் சூப்பர்வைசர். இங்கே எங்களைப் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன். டிலே அன்று என் குழுவில் பெற்றோராக இருப்பவர்கள் ஒரே நேரத்தில் லேட். இரவு ஷிப்ட்காரர்களை வீட்டுக்குப் போகாமல் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. அவர்களும் பனியில் ஓட்டி வீடு போக வேண்டியவர்கள்தானே, அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. மாவட்டம் டிலே அறிவித்த நாட்களில் பாயிண்ட் போடாதீர்கள் என்று மேலே கேட்டிருக்கிறேன். அது நடந்தாலும் இரவு ஷிப்டின் பாரம் குறையாது. எனக்கு வேண்டியது முன்கூட்டியே ஒரு தகவல். எட்டு மணி நேரம் முன்னால் தெரிந்தால் ஆட்களை மாற்றிப் போட்டுவிடுவேன். ஒரு மணி நேரத்தில் முடியாது.

வீட்டிலிருந்து_வேலை

அப்படியென்றால் அந்த நாட்களில் காலை வகுப்புகளை ஆன்லைனில் வைத்துவிடலாமே?

டீச்சரக்கா

ஆறு வயதுக் குழந்தை தானாக லாகின் செய்யாது, பக்கத்தில் பெரியவர் வேண்டும். பெரியவர் இல்லை என்பதுதானே பிரச்சினையே. 2024 பிப்ரவரி 13இல் நியூயார்க் நகரம் பனிக்காக ஆன்லைன் நாள் அறிவித்தபோது லாகினே வேலை செய்யாமல் பெரியவர்களும் திண்டாடினார்கள்.

மணிக்கூலி_அம்மா

எல்லாவற்றையும் படித்தேன். அண்ணா, ஒன்று கேட்கிறேன். பனிக்கட்டியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் வரும் டிலேயில் நிறைய வெறும் குளிருக்காக. சாலை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். தேசிய வானிலை சேவை 2001இலிருந்து பயன்படுத்தும் காற்றுக்குளிர் அட்டவணைப்படி, 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 19ஆகத் தெரியும், மூடாத தோல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும். நிறுத்தத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது என்பது சரி. ஆனால் அப்படிப்பட்ட குளிர் வரப்போவது முந்தின நாள் மதியமே முன்னறிவிப்பில் இருக்கிறது. அதை ஏன் காலை ஐந்தரைக்குச் சொல்ல வேண்டும்? முந்தின இரவு எட்டு மணிக்கே சொன்னால் இந்தச் சூப்பர்வைசர் சாரும் ஆட்களை மாற்றிவிடுவார், நானும் தோழியிடம் கேட்டுவிடுவேன்.

மஞ்சள்_பஸ்

குளிருக்கு என்றால் சரி, அது நடக்கக்கூடியதுதான். டீசல் கெட்டியாகாமல் இருக்க நாங்களும் முந்தின நாளே தயார் செய்துவிடுகிறோம், குளிர் வருவது எங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. சில மாவட்டங்கள் அப்படி இரவே அறிவிக்கவும் செய்கின்றன. ஆனால் உறைமழை நாளுக்கு அதைக் கேட்காதீர்கள். இரவே பயந்து அறிவித்து, காலையில் சாலை காய்ந்திருந்தால், உங்களுக்கு ஒரு டிலே வீணாகப் போய்விடும்.

டீச்சரக்கா

குளிர் நாளுக்கு இரவு எட்டு மணி அறிவிப்பு என்று பள்ளி வாரியத்துக்கு மனு எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன். பிஃபோர் கேரை வழக்கமான நேரத்துக்குத் திறக்கச் சொல்வதில் போட மாட்டேன். அந்த வேலையில் இருக்கும் பெண்களைச் சாலைக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

மணிக்கூலி_அம்மா

அக்கா, அந்தப் பெண்களும் மணிக்கணக்கில்தான் ஊதியம் வாங்குகிறார்கள். டிலே அன்று அவர்களுக்கும் இரண்டு மணி நேரப் பணம் போகிறது. எங்கள் பள்ளியில் இருப்பவர்களில் சிலர் நடந்துவரும் தூரத்தில் குடியிருக்கிறார்கள். காய்ந்த சாலை, வெறும் குளிர் என்ற நாட்களில் மட்டும், விருப்பப்பட்டு வருகிறவர்களை வைத்துத் திறக்க முடியுமா என்று முதலில் அவர்களிடமே கேட்டுப் பார்க்கிறேன். பஸ்ஸில் வரும் பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை அண்ணா; அந்தப் பத்தியை நீங்கள் எழுதித் தாருங்கள், மனுவில் சேர்க்கிறேன்.

மஞ்சள்_பஸ்

எழுதித் தருகிறேன். காலை உணவையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.