புரள்கொதியா, தளதளக் கொதியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.
மலைமுகாம் போகும் சாரண மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடை நீரை விறகடுப்பில் காய்ச்சும் பக்கத்தில் 'ரோலிங் பாயில்' (rolling boil) என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் இடிக்கிறது. அடியில் சின்னக் குமிழி விட்டால் போதாது. கரண்டி விட்டுக் கிளறினாலும் அடங்காத கொதி வேண்டும். அது வந்தபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். 'புரள்கொதி' சரியா?
– செ.

செ. அவர்களுக்கு,
வினைத்தொகை, குற்றமில்லை. ஆனால் புரள்வது நீரா, கொதியா? 'கொதி'யே 'குதி'யிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. முகம் மொகமாகவில்லையா? நீர் குதிப்பதே கொதி. 'மீ' என்றால் மேல்; ஆகவே 'மீகொதி'.
– த.

ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை மீன் கொதி என்று படிக்கும்! 'தளதளன்னு கொதிக்குது' என்று அடுப்படியில் சொல்கிறோமே, அது போதாதா?
– வ.

கீரையும்தான் தளதளவென்றிருக்கும். ஒலிக்குறிப்பு கலைச்சொல்லாகாது.
– த.

எங்கட ஊரில 'கொதித்தாறிய நீர்' எண்டுதான் சுகாதாரப் பரிசோதகர்மார் சொல்லுறவை. பேந்தேன் புதுச்சொல்?
– ம., யாழ்ப்பாணம்

அது இறக்கி ஆறிய நீர், அண்ணா. எனக்கு அடுப்பிலிருக்கும் நிலைக்குப் பெயர் வேண்டும்.
– செ.

எதைப் போட்டாலும் '100 டிகிரி' என்று போடாதீர்கள். 2240 மீட்டர் உயர உதகையில் தண்ணீர் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். காட்டில் வெப்பமானிக்கு எங்கே போவது? கண்ணுக்குத் தெரிகிற அடையாளம்தான் சொல்லில் வரவேண்டும். என் வாக்கு வ.வுக்கு. அதுசரி, 2018 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகும் காட்டில் அடுப்பா? வனத்துறை அனுமதியை முதல் வரியிலேயே எழுதுங்கள்.
– இயற்பியல் ஆசிரியர்

கலங்கல் நீரானால், தெளியவைக்கத் தேற்றாங்கொட்டை உரைப்பதையும் சேர்க்கலாமே. கலித்தொகையில் 'இல்லம்' என்று வரும் மரம் அதுதான்.
– ப.

சேர்க்கலாம். ஆனால் தெளிந்ததும் குடித்துவிடப் போகிறார்கள். கண்ணுக்குத் தெளிந்தாலும் கிருமி இருக்கும். தெளியவைத்து, துணியில் வடிகட்டி, பிறகு காய்ச்சச் சொல்லுங்கள். உப்பு, பூச்சிமருந்தெல்லாம் காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்.
– வ.

அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். 'தளதளவெனக் கொதித்தபின்' என்றே அனுப்பிவிட்டேன், அடைப்புக்குறிக்குள் புரள்கொதி.
– செ.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். 'குதி'யை இதுவரை யாரும் மறுக்கவில்லை என்பதையும்.
– த.