லாக்டவுனில் காணாமல் போன வீசிங், பள்ளி திறந்ததும் திரும்பி வந்துவிட்டது

சூரமங்கலம்_அம்மா | டிசம்பர் 2021

பையனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. மூன்று வயதிலிருந்தே மூச்சு இழுக்கிற வீசிங் உண்டு. கொரோனாவுக்கு முன்னால் மாதம் ஒரு தடவையாவது ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுவோம், மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கிற நெபுலைசர் மெஷின் வைத்துக் கூட்டி வருவோம். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். அதற்கப்புறம் ஒன்றரை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் இழுத்தது, அதுவும் பொங்கலுக்கு ஒட்டடை அடித்த அன்று. சரி, வயது ஏற ஏறப் போய்விட்டது போலிருக்கிறது என்று இழுப்பு வராமல் தடுக்கக் காலை மாலை இன்ஹேலரில் போடுகிற பஃப்பை ஜூலையில் நாங்களே நிறுத்திவிட்டோம். திட்டாதீர்கள், ஏற்கெனவே டாக்டர் திட்டிவிட்டார்.

நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தது. பத்தாம் நாள் சளி, பன்னிரண்டாம் நாள் இழுப்பு. இந்த வாரம் இரண்டாவது தடவை. வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வளர்த்ததால் எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்கிறார் மாமியார். கணவர் ஏற்காட்டில் நாத்தனார் வீட்டில் ஆறு மாதம் விடலாம், நல்ல காற்று என்கிறார். எனக்கு மறுபடி பள்ளியை நிறுத்த மனசே இல்லை, அவன் கூட்டெழுத்தையே மறந்து உட்கார்ந்திருக்கிறான். உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது?

வார்டு_சிஸ்டர்

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன் அக்கா. உங்கள் பையன் மட்டும் இல்லை. 2020இல் வீசிங் என்று தூக்கிக்கொண்டு வருகிற குழந்தைகள் எங்களிடம் நன்றாகவே குறைந்தார்கள், வெளிநாடுகளிலும் அவசர சிகிச்சைக்கு வருவது பாதிக்கும் கீழே போனதாகப் பல மருத்துவமனைகள் எழுதியிருக்கின்றன. பயத்தில் வராமல் இருந்தவர்களும் அதில் உண்டு, ஆனால் பெரிய காரணம் சளிதான். குழந்தைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடுவதில் முதல் ஆள் ரைனோவைரஸ் மாதிரியான சாதாரண சளிக் கிருமி. அது ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் பரவுகிற சமாச்சாரம். பெஞ்சே காலியாக இருந்ததால் வரவில்லை, இப்போது பெஞ்சு நிறைந்ததும் வந்துவிட்டது. மாமியார் சொல்வது மாதிரி சக்தி ஒன்றும் எங்கேயும் போகவில்லை, ஒன்றரை வருடம் வாங்காத சளியை இப்போது மொத்தமாக வாங்குகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். இழுப்பு வராத நாளிலும் மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் இருந்துகொண்டேதான் இருக்கும், காலை மாலை பஃப் அதை அடக்குவதற்கு. அதை நிறுத்திய நாலாவது மாதம் பள்ளி திறந்திருக்கிறது, மழைக்காலம் வேறு. டாக்டர் சொல்கிற அளவில் மறுபடி ஆரம்பியுங்கள், பள்ளியை நிறுத்த வேண்டாம்.

தறிக்காரன்_கொண்டலாம்பட்டி

எங்கள் வீட்டில் சளியை விடப் பஞ்சுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாலு விசைத்தறி, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கிற இடம். தறி ஓடினால் ஃபேன் இறக்கையில் வெள்ளையாகப் பிசிறு படியும், மூடாமல் வைத்த பாலில் ஆடைக்கு மேல் இன்னொரு ஆடை மாதிரி மிதக்கும். 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் தறி நின்றது. சின்னவள் பிறந்ததிலிருந்து அப்படி ராத்திரி முழுக்க இருமாமல் தூங்கி நான் பார்த்ததில்லை. கூலி இல்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்டோம், அது வேறு கதை. ஜூனில் தறி ஓட ஆரம்பித்த அந்த வாரமே இருமல். இப்போது நடுச்சுவரில் இருந்த ஜன்னலை அடைத்துவிட்டு, சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் பாய் விரிக்கிறோம். விளக்குமாறு போட்டால் எல்லாம் மறுபடி மேலே கிளம்பும்.

கோட்டை_மைதானம்

எல்லாருக்கும் லாக்டவுன் நல்லது செய்தது மாதிரி பேசாதீர்கள். எங்களுக்கு நேர் எதிர். ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேர், ஆளுக்கொரு வைத்தியம், காலையில் வேப்பிலைப் புகை, சாயங்காலம் சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்தி, வாசலில் பிளீச்சிங் பவுடர். கொரோனாவை விரட்டுகிறோம் என்று பெண்ணின் மூச்சைத்தான் விரட்டினோம். ஒரு நாள் ராத்திரி இழுக்கிறது என்று தூக்கிக்கொண்டு போனால், இருமுகிறாள் என்பதற்காக ஒரு கிளினிக்கில் கேட்டையே திறக்கவில்லை, டெஸ்ட் எடுத்துவிட்டு வா என்றார்கள். அடுத்த இடத்தில் நெபுலைசர் கிடையாது, கிருமி காற்றில் பரவும் என்றார்கள். நடுரோட்டில் அழுதேன். அங்கே இருந்த டாக்டர்தான் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலை எடுத்து, இழுப்பை உடனே தணிக்கிற நீல இன்ஹேலரை அதில் செருகி நாலு பஃப், ஒவ்வொன்றுக்கும் ஆறு மூச்சு எண்ணச் சொல்லிக் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் பேசினாள். இத்தனை வருடம் இதை ஏன் யாரும் கையில் கொடுக்கவில்லை?

வார்டு_சிஸ்டர்

நியாயமான கேள்வி. சாதாரண இழுப்புக்கு ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததே இல்லை, மெஷின் புகை வந்தால்தான் மருந்து என்று ஜனங்கள் நம்புகிறார்கள், நாங்களும் அப்படியே பழக்கிவிட்டோம். ஆனால் பேச முடியாத அளவு இரைத்தாலோ, உதடு நீலமானாலோ, விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ நீல இன்ஹேலர் பஃப் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வீட்டில் உட்காராதீர்கள்.

ஒண்டிக்கடை

ஏற்காட்டுக்காரன் சொல்கிறேன், டிசம்பரில் கொண்டுவந்து விடாதீர்கள். பார்க்கத்தான் சுத்தமான காற்று. இந்த வருட மழைக்குச் சுவரெல்லாம் பூஞ்சணம், போர்வை காயவே இல்லை, பாதி வீட்டில் வெந்நீருக்கு விறகு அடுப்பு. எங்கள் அம்மாவுக்கே பனி இறங்கினால் இழுக்கும். ராத்திரி அவசரம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம்தான் வர வேண்டும், மூடுபனியில் அது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஏப்ரலில் லீவுக்கு வரட்டும், தாராளமாக.

சூரமங்கலம்_அம்மா

எல்லாருக்கும் நன்றிங்க. கணவரிடம் ஒண்டிக்கடைக்காரர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், பேசாமல் டீ குடித்தார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். வீட்டில் பழைய ஸ்பேசர் ஒன்று பீரோவில் இருக்கிறது, நன்றாகத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போகட்டுமா?

வார்டு_சிஸ்டர்

துடைக்காதீர்கள் அக்கா, துடைத்தால் மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காற்றில் காய வையுங்கள். வால்வு மடங்காமல் அசைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் புதிது வாங்குவதே மேல்.