இருமுந்தி முதிர்வு: வால்நட் பூப்புக்கு ஒரு சொல்

வணக்கம்.

வால்நட்டில் சில மரங்களில் ஆண் பூவும் மற்ற மரங்களில் பெண் பூவும் முதலில் முதிரும். ஆங்கிலத்தில் heterodichogamy எனப்படும் இந்தப் பூப்பு முறைக்கு நேற்று இங்கே ஒருவர் முன்வைத்த ‘பல்லின இருகால முதிர்வு’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இலங்கையில் பிறப்புரிமையியல் படித்த பிள்ளைக்குப் ‘பல்லின’ என்றதும் பல்லினநுகம்தான் (ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேறுவேறாய் இருப்பது) நினைவுக்கு வரும். பெண் பூ முந்தும் வால்நட் மரம் பெரும்பாலும் பல்லினநுகமேதான். பெண் பூவை முந்தவைக்கும் எதிருரு, அதாவது மரபணுவின் மாற்று வடிவம், ஆட்சியானது; ஒரு பிரதி இருந்தாலே போதும். ஆண் பூ முந்தும் மரமோ இரண்டு பிரதியும் ஒன்றாயிருக்கும் ஓரினநுகம். இரண்டுக்கும் பொதுவான பெயரில் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் சொல் இருந்தால் வகுப்பில் யார் பிரித்துச் சொல்வது?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவில் நெட்டைத் தென்னை நிற்கிறது. பாளை வெடித்ததும் ஆண் பூக்கள் கதிர் நுனியிலிருந்து அடி நோக்கி விரிந்து விரிந்து கொட்டும். மூன்று கிழமை அளவுக்குக் காலையில் முற்றம் கூட்டக் கூட்ட வெளிர்மஞ்சள் பூதான். அது ஓய்ந்த பிறகுதான் அடியில் உருண்டு நிற்கும் பெண் பூவின் முனையில் தேன் கசியத் தொடங்கும். ஆணும் பெண்ணும் வேறுவேறு காலத்தில் முதிரும் இது இருகால முதிர்வு, சரி. ஆனால் ஊரிலுள்ள நெட்டைத் தென்னை எல்லாவற்றுக்கும் ஆண்தான் முந்தும். வால்நட்டில் அப்படியில்லை. ஒரே காட்டில் ஏறத்தாழப் பாதி மரங்களில் ஆண் முந்தும், மீதியில் பெண் முந்தும். கறுவாவிலும் (இலவங்கப்பட்டை) இரண்டு வகை மரங்கள் உண்டு. ஆனால் அங்கே இரண்டிலுமே பெண்தான் முதலில், காலையா பிற்பகலா என்பதே வேறுபாடு. நம் சொல் கறுவாவையும் சேர்த்து அள்ளக்கூடாது.

ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து கொம்பை இழுத்து முறிக்கும் எங்கள் கொம்புமுறி விளையாட்டை நினைத்து ‘இருசேரி முதிர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாக நிற்பது எங்களுக்குக் கண்முன் வரும். தமிழ்நாட்டில் சேரி என்றால் வேறு பொருள், வேறு வலி. ஆகவே விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு ‘இருமுந்தி முதிர்வு’. மரங்களுக்கு ஆண்முந்தி, பெண்முந்தி. ‘முந்தி’ எல்லார் வாயிலும் புழங்கும் சொல். வகையின் பெயரிலேயே விளக்கமும் இருக்கிறது.

வால்நட்டை மனிதன் வசப்படுத்திய கதையைச் சொல்லவும் இது கைகொடுக்கும். ஆண்முந்தியும் பெண்முந்தியும் ஒன்றோடொன்று கலப்பதால் விதைக்கன்று தாயைப் போல வராது. ஓடு மெல்லிதாய் ஒரு மரம் கிடைத்தால் அதை அப்படியே காப்பாற்ற ஒட்டுத்தான் கட்டவேண்டும். கட்டினால் தோப்பு முழுக்க ஒரே முந்தி. மகரந்தத் தூள் கொடுக்க வேறு மரம் தேவைப்படும். 1979இல் கலிபோர்னியாவில் வெளியிட்ட சாண்ட்லர் என்ற வால்நட் வகை ஓர் ஆண்முந்தி. வால்நட்டின் மரபணுத்தொகையை முதலில் வாசித்து 2016இல் வெளியிட்டதும் இந்த வகையிலிருந்துதான். எது முந்தும் என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தப் (குரோமோசோம்) பகுதியின் இரு வடிவங்களும் பல பத்து மில்லியன் ஆண்டுகளாக அழியாமல் சேர்ந்தே வந்திருப்பதாக 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. இவ்வளவு பழைய ஏற்பாட்டுக்குத் தமிழில் வாய்க்கு வரும் பெயர் வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

பாடத்தில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘இருமுந்தி முதிர்வுடைய தோட்டத்தில் பெண்முந்திக்குத் தூள் கொடுப்பது ஆண்முந்தி.’ உங்கள் வகுப்புகளிலும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று எழுதினால் அந்த இடத்தைத் திருத்தலாம்.