மவுஸ் தானாக நகர்ந்தது, யாரிடம் சொல்வது?

நீரேற்று ஆபரேட்டர்:
ஒரு நகராட்சி நீரேற்று நிலையத்தில் நாலு வருஷமாக ஒப்பந்த வேலை. பம்ப், வால்வு, தொட்டி மட்டம் எல்லாம் ஒரே கணினியில் தெரியும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். பழுது பார்க்கும் கம்பெனிக்காக ரிமோட் இணைப்பு எப்போதும் திறந்தே கிடக்கும். போன வாரம் இரவு ஷிப்டில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. கம்பெனிக்காரர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கேட்டால், அன்று யாரும் உள்ளே வரவில்லை என்கிறார்கள். பொறியாளரோ 'அது ஐடி ஆட்கள் பாடு' என்கிறார். ஊருக்கே போகிற தண்ணீர், மனசு கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்:
தம்பி, இதைச் சும்மா விடாதீர்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் மின் விநியோக நிலையத்திலும் ஆபரேட்டர்கள் இதைத்தான் பார்த்தார்கள். அம்பு தானாகப் போய், மின்பாதையின் பெரிய சுவிட்சான பிரேக்கரை ஒவ்வொன்றாகத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. ஏறக்குறைய 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. மாதக்கணக்கில் முன்பே யாரோ ஓர் ஊழியர் மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்ததுதான் தொடக்கம். சில மணி நேரத்தில் மீண்டதற்குக் காரணம், ஆட்கள் துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் பிரேக்கர் போட்டதுதான். துணைமின் நிலையத்தில் 27 வருஷம் இருந்தவன் கேட்கிறேன், உங்கள் வால்வுகளைக் கையால் திருகிப் பார்த்து எத்தனை நாளாகிறது?

நெட்வொர்க் பாதுகாப்புப் பணியாளர்:
பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, இணையக் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். கணினியை அணைக்கவோ ஃபார்மட் செய்யவோ விடாதீர்கள், தடயம் போய்விடும். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படி ஒன்று தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அமைப்புகளுக்கும் அது பொருந்தும், ஆகவே 'ஐடி பாடு' என்று அவர் ஒதுங்க முடியாது. 2019இல் கூடங்குளத்தில் மால்வேர் (கேடு செய்யும் மென்பொருள்) புகுந்தது நிர்வாக வேலைக்கான கணினியில். அணுமின் நிலையத்தின் முக்கிய வலையமைப்பு அதிலிருந்து தனியாக இருந்தது. உங்களிடமோ எல்லாமே ஒரே கணினி. அதைப் பிரிக்காமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது.

நீரேற்று ஆபரேட்டர்:
நேற்று எழுத்தில் கொடுத்தேன். பொறியாளரே வந்து கேபிளைக் கழற்றினார், செர்ட்-இன்னுக்கும் எழுதிவிட்டார். இரவு முழுக்கக் கையால்தான் ஓட்டினோம். ஐயா கேட்டதற்குப் பதில்: மூன்று வால்வில் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. நாளைக் காலை ஃபிட்டர் வருகிறார்.